மூக்கணாம்பாளையத்தார் கேமராவுக்குப் பல் பார்த்த கதை

மூக்கணாம்பாளையத்துக்காரர்களுக்கு மாடு தெரியும். மாட்டைத் தவிர வேறு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்பது மட்டும் தெரியாது.

அந்த ஊரில் எதை வாங்கினாலும் மாடு வாங்குகிற மாதிரிதான் வாங்குவார்கள். ஒருமுறை ஊர்க் கிணற்றுக்கு மோட்டார் வாங்கினார்கள். வாங்கியதை வேப்பமரத்தடியில் மூன்று நாள் கட்டிப்போட்டு, முன்னால் வைக்கோலைப் போட்டு, சாணி போடுகிறதா என்று பார்த்தார்கள். போடவில்லை. வயிறு சரியில்லாத மோட்டார் என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கையால் தண்ணீர் இறைத்தார்கள். அந்த ஊரில் பெண் கேட்டுப் போன மாப்பிள்ளை எவனும் வாயைத் திறந்து பல்லைக் காட்டாமல் காபி குடித்ததில்லை.

அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். வயது அறுபத்தெட்டு. மாடு கண்ணு, நிலம் நீச்சு எல்லாம் அளவாக இருந்தது. கோபம் மட்டும் அளவில்லாமல் இருந்தது. தனக்கு யார் யார் என்னென்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் கிழமை உட்பட சொல்லுவார். நல்லது செய்தவர்கள் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

அவருடைய கோபங்களிலேயே மூத்த கோபம் பங்காளி ராக்கியண்ணன் மேல். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குக் கரண்டு வந்தபோது, கம்பத்தடியில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். அந்த ஊரில் எடுத்த ஒரே படம் அதுதான். எடுக்கிற நேரம் பார்த்து ராக்கியண்ணன், "பல்பு எரியுது பாரு" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டார். படம் வந்தது. முப்பத்தொரு பேர் நின்றார்கள். முப்பது முகங்கள் இருந்தன. சென்னியப்பன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ராக்கியண்ணனின் முழங்கை இருந்தது. அன்றைக்கே சென்னியப்பன் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்: இனி அவன் மூஞ்சியில் முழிப்பதில்லை, அவனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். பேசாமல் எப்படி முடியும்? அதற்கு மாட்டுத் தரகர் நாச்சிமுத்து இருந்தார். இவர் சொல்வதை அவரிடமும், அவர் சொல்வதை இவரிடமும் சொல்லுவார். ஒரு பேச்சுக்கு ஒரு பீடி தரகு.

இப்படி இருக்கும்போது ஊரில் புதிதாகச் சமுதாயக்கூடம் கட்டினார்கள். வெளியூர்க் கொத்தனார் வேலையை முடித்துக்கொண்டு போனபின், உள்ளே போய்ப் பார்த்தால் நடுச்சுவரில் ஓர் ஆணி. வேலை செய்யும்போது தன் சட்டையை மாட்டிக்கொள்ள அவர் அடித்துக்கொண்ட ஆணி அது. ஊர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஆணி இருந்தால் அதில் ஏதோ மாட்ட வேண்டும் என்றுதான் அர்த்தம் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் அர்த்தனாரி ஆணியை ஒருமணி நேரம் பார்த்துவிட்டு, ஊர் மொத்தமும் நிற்கிற ஒரு படம்தான் அதற்குப் பொருத்தம் என்று தீர்ப்புச் சொன்னார். தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை கூடத்தைத் திறக்க வட்டார அதிகாரி வருகிறார். அதற்குள் படம் மாட்டியாக வேண்டும்.

செல்போனில் எடுத்தால் ஆகாதா என்று ஒருவன் கேட்டான். அவன் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் தம்பி, விவரம் போதாதவன்.

"எடுக்கற நேரம் பாத்து எவனாச்சும் போன் போட்டான்னா?" என்றார் நாச்சிமுத்து. "அவனும் படத்துக்குள்ள வந்துருவானே. அப்பறம் அவனை எப்படி வெளியே அனுப்பறது?"

கேமரா வாங்குவது என்று முடிவாயிற்று.

சென்னியப்பன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுவேட்டியை வெயிலில் போட்டார். இந்தத் தடவை எப்படியும் முகம் விழுந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மனைவி பாவாயியிடம் சொன்னார்.

"உங்க மூஞ்சிய நாப்பத்தஞ்சு வருசமாப் பாக்கறனுங்க" என்றாள் பாவாயி. "படம் புடிச்சுப் பாக்கற அளவுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க."

அந்தத் தேதியையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் நாலு பேர் டவுனுக்குப் புறப்பட்டார்கள். அர்த்தனாரி, சென்னியப்பன், ராக்கியண்ணன், இருவருக்கும் நடுவில் நாச்சிமுத்து. கையில் ஒரு கிடாரிக் கன்று. பழைய கேமரா விற்கிற அமல்ராஜ் என்பவர் கடைக்குப் போய், கன்றைக் கடை வாசலில் பெயர்ப்பலகைக் காலில் கட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அமல்ராஜ் நல்ல மனுஷன். இரண்டு கேமராக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பெரியது, கறுப்பு, கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. டி.எஸ்.எல்.ஆர். என்றார். பழைய மாடல், ஆனால் படம் ரோமம் ரோமமாகத் தெரியும். இந்தத் துவாரத்தில் கண்ணை ஒட்டி வைத்துத்தான் பார்த்து எடுக்க வேண்டும். இன்னொன்று சின்னது, வெள்ளி நிறம், சோப்புக்கட்டி அளவு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கையை நீட்டிப் பிடித்தால் போதும், பின்பக்கத்துக் கண்ணாடியிலேயே எல்லாம் தெரியும். இருக்கிற பணத்துக்கு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வேலை ஆரம்பித்தது.

முதலில் பல். நாச்சிமுத்து பெரிய கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸைக் கழற்றச் சொல்லி, உள்ளே விரலை விட்டுத் தடவினார். அமல்ராஜ் "ஐயோ, விரல் படக்கூடாது" என்று கையைப் பிடித்தார். கடிக்கும் போலிருக்கிறது என்று நாலு பேரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"வயசு என்னாச்சுங்க?" என்று அர்த்தனாரி கேட்டார்.

"பன்னெண்டு வருஷம் இருக்கும். எண்பதாயிரம் படம் எடுத்திருக்கு."

எண்பதாயிரம் என்றதும் அர்த்தனாரி நாக்கைச் சப்புக் கொட்டினார். மாடானால் அடிமாட்டுக்குக்கூடத் தேறாது. சின்னது எத்தனை எடுத்தது என்று கேட்டார்கள். ஐந்நூறுகூட எடுத்திருக்காது என்றார் அமல்ராஜ். சரி, அது இன்னும் பூட்டிப் பழகாத கன்று.

பிறகு சுழி. இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பெரியதன் தலையில் வட்டமாக ஒரு திருகு இருந்தது. அது ராஜசுழியா, குடும்பத்துக்கு ஆகாத சுழியா என்று அரைமணி நேரம் பேச்சு நடந்தது. அமல்ராஜ் அதைத் திருகிக் காட்டினார். சுழி இடம் மாறுகிற மாட்டை அவர்கள் ஏழு சந்தையிலும் கண்டதில்லை.

அடுத்து மிரட்சி. நாச்சிமுத்து காதுப் பக்கம் போய்க் கையைத் தட்டினார். இரண்டும் அசையவில்லை. அமல்ராஜ் சின்னதன் பொத்தானை அமுக்கினார். அது உய்ங் என்று மூக்கை வெளியே நீட்டியது. "முட்ட வருது" என்று ராக்கியண்ணன் நாச்சிமுத்துவின் பின்னால் போய் நின்றுகொண்டார். அமல்ராஜ் இன்னொரு தடவை அமுக்கினார். மூக்கு உள்ளே போய்விட்டது.

"பயந்துருச்சு" என்றார் சென்னியப்பன், திருப்தியாக.

அமல்ராஜ் பெரியதைக் கையிலெடுத்து அமுக்கினார். அதன் உச்சந்தலை டப்பென்று பிளந்து, உள்ளிருந்து பிளாஷ் எழுந்து நின்றது.

"கொம்பு" என்றார் அர்த்தனாரி மெதுவாக. "ஒத்தைக் கொம்பு."

ஒற்றைக் கொம்பு நல்லதில்லை, சின்னதுதான் ராசி என்று ராக்கியண்ணன் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்த நிமிஷமே சென்னியப்பனுக்குப் பெரிய கேமராமேல் உயிர் வந்துவிட்டது. அதுவரைக்கும் அவருக்கும் சின்னதுதான் பிடித்திருந்தது.

"நாச்சிமுத்து, பெருசுதான் வேணும்னு அவங்கிட்டச் சொல்லு."

ஒரு முழம் தள்ளி நின்ற ராக்கியண்ணன், நாச்சிமுத்து திரும்பி அதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு, "அது கெழடுன்னு அவங்கிட்டச் சொல்லு" என்றார்.

"கெழடுன்னு யாரச் சொன்னான்னு கேளு."

"கேமராவத்தான் சொன்னேன்னு சொல்லு. வேற யாருக்காச்சும் பொருந்துச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்றதுன்னு சொல்லு."

நாச்சிமுத்து இரண்டு பக்கமும் பீடி வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். விலை பேச வேண்டும் என்று அமல்ராஜின் கையைப் பிடித்து, மேலே தன் துண்டைப் போட்டு மூடினார். சந்தையில் அப்படித்தான், விரலைப் பிடித்து விலை பேசுவது வெளியே தெரியக்கூடாது. அமல்ராஜுக்கு அது தெரியாது. மரியாதைக்காகக் கையைக் கொடுத்தவர், நடுவிரலை யாரோ திருகியதும் வலி தாங்காமல் "சரிங்க, சரிங்க" என்றார். விலை படிந்துவிட்டதாக நாச்சிமுத்து மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் பூட்டிப் பார்க்காமல் யார் மாடு வாங்குவார்கள்? மூன்று நாள் இரண்டையும் ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறோம், அதுவரைக்கும் ஈடாகக் கன்று இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சதூரம் ஓடி வந்த அமல்ராஜ், வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஈரம் ஆகாது, அரிசிக்குள் வைத்தால் நல்லது, எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். சொன்னதில் ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடையைக் கேமராக்களுக்குப் பிடித்துக்கொண்டு, நாலு பேரும் வெயிலில் நடந்தார்கள். சட்டைப் பையில் போடலாம் என்று கடைக்காரர் சொன்னாரே என்று ராக்கியண்ணன் பார்த்தார். ஊரில் யார் சட்டையிலும் பை இல்லை, சட்டையே பாதிப்பேருக்கு இல்லை. அதனால் தையல்காரரிடம் போய்த் தனியாக ஒரு பை தைத்து, அதற்குச் சட்டை தைக்கத் துணி போதாமல், வெறும் பையை மட்டும் நெஞ்சில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். சென்னியப்பன் வீட்டு அரிசிப் பானையில் பெரிய கேமராவை இறக்கி வைத்தார்கள். பொழுது விடிந்து பார்த்தால் பானையில் ஒருபடி அரிசி குறைந்திருந்தது. பாவாயி எடுத்துச் சோறாக்கிவிட்டாள். அதை யாரும் கேட்கவில்லை. பெரிய கேமரா நாளைக்கு ஒருபடி தின்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"தின்னுட்டுப் போகுது. அந்த உடம்புக்கு வேண்டாமா?" என்றார் சென்னியப்பன்.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது? பெரியது பழகியது, ஆனால் வயதானது. நன்றாகத் தின்கிறது, ஆனால் ஒற்றைக் கொம்பு. சின்னது செலவில்லாதது, ஆனால் பயந்தது. வாதம் வெயில் ஏறும் வரைக்கும் நடந்தது. கடைசியில் அர்த்தனாரி எல்லோரையும் கையமர்த்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எந்தக் கேமராவானாலும் சரி, எடுப்பது யார்?

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

"ஏர் ஓட்டறவன் மாட்டுக்கு முன்னாடி நிக்க முடியுமா?" என்றார் அர்த்தனாரி. "எடுக்கறவன் படத்துல வர மாட்டான். அது யாருங்கறேன்."

ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்குக் கண்ணில் பூ, ஒருவருக்கு அன்றைக்கு விரதம். வெளியாளைக் கூப்பிடலாமா என்றால், அமல்ராஜ் கை பட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் படத்தில் விழுந்துவிடுவார்களோ என்று பயம். சென்னியப்பன் வாயையே திறக்கவில்லை. இருபத்தேழு வருஷம் காத்திருந்தவர், எடுக்கிறேன் என்று சொல்வாரா?

நாச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார்.

"ஒத்தை மாட்டை வச்சு ஏர் பூட்டுனவன் நம்ம ஊர்ல இருக்கானுங்களா?" என்றார். "ஜோடியாப் பூட்டுங்க. ரெண்டையும் எதிரெதிர வச்சுக்கலாம். சின்னது எடுக்கறவன் பெருசுல விழுவான். பெருசு எடுக்கறவன் சின்னதுல விழுவான். ஊர்ச்சனம் நடுவுல."

கொஞ்ச நேரம் எல்லோரும் இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. இரண்டில் எதை எடுப்பது என்கிற வழக்கு அத்தோடு முடிந்துபோயிற்று.

சின்னது பயந்த சுபாவம் உள்ளதால் ஊர்ச்சனம் மொத்தமும் அதைப் பார்த்துச் சிரித்த முகமாக நிற்பது. அவர்களுக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி, அதன்மேல் ஏறிப் பெரியதைப் பிடிப்பவர் நிற்பது என்று ஏற்பாடு. சென்னியப்பன் யோசித்தார். வண்டிமேல் நின்றால் எல்லோருக்கும் மேலே, நட்டநடுவில். முன்னால் ஒருத்தன் வந்து மறைக்க முடியாது. கையைத் தூக்கினாலும் எட்டாது.

"பெருசை நான் புடிக்கறேன்" என்று எழுந்தார்.

ராக்கியண்ணனும் யோசித்தார். வண்டிமேலிருந்து எடுத்தால் ஊர்ச்சனத்தின் முதுகு தெரியும். எதிரே நிற்கிற தன் முகம் ஒன்றுதான் முகமாகத் தெரியும். "சின்னதை நான் புடிக்கறேன்னு சொல்லு" என்றார். இருபத்தேழு வருஷத்தில் இருவரும் ஒரே காரியத்துக்கு ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். நாச்சிமுத்து தரகு வாங்கவில்லை.

மறுநாள் காலை களத்துமேட்டில் நூற்று நாற்பத்து மூன்று பேரும் நின்றார்கள். சென்னியப்பன் பட்டுவேட்டி கட்டி, எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு வண்டிமேல் ஏறினார். எதிரே இருபது அடியில் ராக்கியண்ணன், நெஞ்சில் பை, கையில் சின்னது. நாச்சிமுத்து ஓரமாக நின்று, துண்டை எப்போது கீழே போடுகிறேனோ அப்போது இரண்டு பேரும் அமுக்க வேண்டும், அதுவரைக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் துண்டை உதறி, மடித்து, மறுபடி உதறிப் போடுவதற்குள் கன்னங்கள் உப்பி, கண்கள் பிதுங்கி, முன்வரிசையில் இரண்டு பேர் சாய்ந்துவிட்டார்கள்.

சென்னியப்பன் கண்ணைத் துவாரத்தில் ஒட்டி வைத்தார். உள்ளே, நட்டநடுவில், பளிச்சென்று, இருபத்தேழு வருஷமாகப் பார்க்காத ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

துண்டு விழுந்தது.

டவுனுக்குப் போய் அமல்ராஜிடம் இரண்டையும் கொடுத்தபோது, அவர் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொடுத்தார். கன்று அதற்குள் கடையிலிருந்த அட்டை விளம்பரங்களை எல்லாம் தின்றுவிட்டு, கண்ணாடி அலமாரியை நக்கிக்கொண்டிருந்தது. கேமராக்களுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டதற்கு, கன்றை அவிழ்த்துக்கொண்டு போனால் போதும் என்று கும்பிட்டார்.

கூடத்தில் ஊர் கூடிப் பெரிய கேமரா எடுத்த படத்தை முதலில் பிரித்தது. அதில் ஓர் எருமை நின்றது. களத்துமேட்டுக்குக் கிழக்கே கட்டியிருந்த குப்பாயம்மாளின் எருமை. அமல்ராஜ் சொன்ன மாதிரியே ரோமம் ரோமமாகத் தெரிந்தது. ஊர் அப்படியே சொக்கிப்போய்விட்டது. மடியைப் பார்த்தார்கள், வாலைப் பார்த்தார்கள், திமிரைப் பார்த்தார்கள். ஒருவர் விலைகூடக் கேட்டுவிட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் ராக்கியண்ணன், "இதுல நான் எங்கன்னு அவங்கிட்டக் கேளு" என்றார்.

"ஓட்டைக்குள்ள கண்ணை வச்சா நடுவுல அவந்தான் நிக்கறான்" என்றார் சென்னியப்பன். "மூஞ்சியில முழிக்கறதில்லைன்னு மாரியாத்தா சாட்சியாச் சத்தியம் பண்ணிருக்கறேன். நான் என்ன பண்ணட்டும்? துண்டு விழுந்ததும் திரும்பிக்கிட்டு அமுக்குனேன்."

சத்தியம் சத்தியம்தானே என்று ஊர் ஒத்துக்கொண்டது.

அடுத்து, சின்னது எடுத்த படம். சென்னியப்பன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கன்னம் உப்பிய நூற்று முப்பத்தெட்டு முகங்கள். அவற்றுக்கு மேலே மாட்டுவண்டி. வண்டிமேல் பட்டுவேட்டி, பட்டுவேட்டிக்கு மேல் வயிறு, வயிற்றுக்கு மேல் மடக்கிய இரண்டு கைகள். கைகளுக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், முகம் அளவுக்கே ஒரு கறுப்புக் கேமரா. அதற்கு மேலே எண்ணெய் தேய்த்த கொஞ்சம் தலைமுடி.

எல்லோரும் அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தார்கள். அவரோ படத்தை நிமிர்த்திச் சாய்த்து, பக்கவாட்டில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு இருபத்தேழு வருசம் நான் எங்க இருக்கப் போறேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மறுபடி எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இன்னொரு தடவை மூச்சைப் பிடித்தால் உயிர் தங்காது என்று ஊர் கைகூப்பியது. விடிந்தால் அதிகாரி வருகிறார்.

அர்த்தனாரி படத்தின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆணியை எவ்வளவு நேரம் பார்த்தாரோ அவ்வளவு நேரம் அதையும் பார்த்தார்.

"அழுவாத, சென்னி. மூஞ்சி எங்கியும் போகலை" என்றார். "கேமராவுக்குப் பின்னாடிதான இருக்குது? பின்னாடி இருக்கறதைப் பாக்கணும்னா பின்னாடி போய்ப் பாக்கணும். வாங்க."

எல்லோரும் படத்தின் பின்பக்கம் போனார்கள். அங்கே அட்டை இருந்தது. மூஞ்சி இல்லை. கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

"எப்படிங்க இருக்கும்?" என்றார் நாச்சிமுத்து. "அவருதான் முன்னாடி வந்து நம்மகூட நின்னு பாத்துக்கிட்டு இருக்கறாரே. அண்ணா, நீங்க போயி உங்க எடத்துல நில்லுங்க."

சென்னியப்பன் எழுந்து படத்தின் பின்னால் போனார். ஊர் சுற்றி வந்து பார்த்தது. இருந்தது. மூக்கு, மீசை, முறைப்பு எல்லாம் அசல் அப்படியே இருந்தது. இவ்வளவு தெளிவாக விழுந்த முகம் அந்தப் படத்திலேயே வேறு யாருக்கும் இல்லை என்று பாவாயிகூட ஒத்துக்கொண்டாள்.

சுவரில் மாட்டினால் பின்னால் ஆள் நிற்க இடமில்லை. ஆகவே நடுக்கூடத்தில் மின்விசிறிக்கு விட்டிருந்த கொக்கியில் கயிறு போட்டுப் படத்தைத் தொங்கவிட்டார்கள். ராக்கியண்ணன் சும்மா இருப்பாரா? படத்தை எடுத்தது தான், எடுத்தவன் இடம் முன்னால்தானே, அந்த இடத்தைத் தனக்குக் கொடுக்கச் சொல்லு என்று நாச்சிமுத்துவிடம் வழக்கு வைத்தார். நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்தார். ரிப்பனை வெட்டினார், விளக்கேற்றினார், நடுக்கூடத்தில் தொங்குகிற சட்டத்தைப் பார்த்து அருகே போனார். அதன்முன்னால் ஓர் ஆள் நெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு கையை நீட்டியபடி நின்றதால், தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"வண்டிமேல முகத்தை மறைச்சுட்டு நிக்கறது யாருங்க?"

"சென்னியப்பன்னுங்க" என்றார் அர்த்தனாரி. "மொகம் பின்னாடி இருக்குதுங்க. வாங்க, காட்டறேன்."

பின்னால் ஒரு முக்காலி. அதன்மேல் பட்டுவேட்டியோடு சென்னியப்பன் விறைத்து உட்கார்ந்திருந்தார். அதிகாரியம்மா திடுக்கிட்டு, பிறகு கையைக் கூப்பி, வணக்கம் ஐயா என்றார். இருபத்தேழு வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து, அதுவும் காரில் வந்த ஒருவர், அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. ஆனால் பதில் சொல்லவில்லை. படத்தில் இருக்கிறவர் எப்படிப் பேசுவார் என்று நாச்சிமுத்து அம்மாவுக்கு விளக்கினார்.

எவ்வளவு நாளைக்கு இவர் இப்படி உட்கார்ந்திருப்பார் என்று அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படம் மங்கற வரைக்குங்க" என்றார் அர்த்தனாரி.

அதிகாரியம்மா மறுபடி முன்பக்கம் வந்தார். ஊரைத் தான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, இந்தப் பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்றால் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ராக்கியண்ணனைக் காட்டிச் சொன்னார்.

நாச்சிமுத்து அந்த அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே.

"அவரு நகந்துட்டா," என்றார், "படத்தை யாருங்க எடுக்கறது?"